கிரிதரன் இல்லாத பக்கம்

1

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சனிக்கிழமை மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு இடம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. போன வாரம் நானும் என் மகள் யாழினியும் முன்பின் தெரியாத ஒரு பெரியவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. கிள்ளானிலிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். யாழினி இலையை ஒழுங்காகக் கழுவத் தெரியாமல் மேசை முழுக்கத் தண்ணீராக்கியபோது, தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"உங்க கம்பெனி வாங்கின இடத்துல கிரின்னு ஒருத்தர் இருந்தாரே, நம்ம பண்டமாரான் பிள்ளை. தெரியுமா?"

"தெரியும் அங்கிள்."

"பாவம் அவரு. யாரோ இந்தியாக்காரம்மா வந்து அவர வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களாம். எங்க கோயில் கமிட்டில எல்லாருக்கும் தெரியும். நம்ம ஆளு ஒருத்தன் அவ்ளோ மேல போனான். அது பொறுக்கல அவங்களுக்கு."

ரசம் கொண்டுவந்த தம்பியிடம் எனக்கு ஊற்றச் சொன்னேன். பிறகு, "அந்த அம்மா நான்தான் அங்கிள்" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார். அப்பளத்தைத் தொடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

"அம்மா, கிரி யாரு? நீ என்ன செஞ்ச அவருக்கு?" என்று யாழினி கேட்டாள். அவளுக்கு அன்று வீட்டுக்கு நடந்துகொண்டே சொன்னதை, கொஞ்சம் விரிவாக, ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் கடைசியில் எல்லோரையும் மன்னித்துவிடுவது வழக்கம். என்னிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

2

நான் முதல்முறை மலேசியாவுக்கு வந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கணவர் செல்வம் திருச்சியில் வேலையில் இருந்தார். நான் மட்டும் வேலை அனுமதியில் வந்தேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி, அதுதான் அலுவலகம். கீழே டயர் கடை. முதலாளி டான், விற்பனைக்கு கிரிதரன், கணக்குக்கு ஒருவர், பொறியாளராக நான். அவ்வளவுதான் நிறுவனம்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தின் கோப்புகள் எல்லாம் ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கும். எல்லோருடைய கணினியும் வலைப்பின்னல் வழியாக அந்தப் பெட்டியில்தான் எழுதும், படிக்கும். அந்தப் பெட்டி செத்துப்போனால் அலுவலகமே நின்றுவிடும். ஒரு பெட்டி செத்த அதே கணத்தில் வேறொரு கட்டடத்தில் இருக்கும் இன்னொரு பெட்டி அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியவே கூடாது. பெரிய நிறுவனங்கள் விற்ற பெட்டிகள் இதைச் செய்தன. சின்ன அலுவலகங்கள் வாங்கக்கூடிய பெட்டியில் இதைச் செய்ய வேண்டும் என்பது டானின் ஆசை. அதற்கான வடிவத்தை யோசித்ததும் நான்தான், நிரலை எழுதியதும் நான்தான்.

கிரியைப் பற்றி நல்லதையும் சொல்லியாக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவர் அவர். முதல் தீபாவளிக்கு அவரும் அவர் மனைவி சுமதி அக்காவும் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள். என் முழுப்பெயர் தில்லைநாயகி. டானுக்கு அது வாயில் நுழையாமல் 'டில்லி' ஆனது. "தில்லைநாயகின்னு சொல்லுங்க பாஸ், நல்ல பேரு லா அது" என்று முதலாளியைத் திருத்தியவரும் கிரிதான்.

மொழி எனக்குத் தகராறாகவே இருந்தது. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பார்சல் வந்திருக்கிறதா என்று கீழே நின்ற மலாய்க் காவலாளியிடம், "சாமான், சாமான்" என்று கையை ஆட்டிக் கேட்டேன். அவர் முகம் வெளுத்து, தெருவோரம் நிறுத்தியிருந்த தன் மோட்டார்சைக்கிளை நோக்கி ஓடினார். மலாயில் சமன் என்றால் போக்குவரத்து அபராதம். கிரி இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

என் ஆங்கிலமும் அப்படித்தான். திருச்சியில் அது நன்றாகவே ஓடியது. இங்கே வாடிக்கையாளர்கள் முன்னால் நான் வேகமாகப் பேச ஆரம்பித்தால் அவர்கள் புருவம் சுருங்கும். அப்போது கிரி முன்னால் சாய்ந்து, "வாட் ஷி மீன்ஸ் இஸ்..." என்று தொடங்குவார். அவர் சொல்ல வருவது என்னவென்றால் என்று அர்த்தம். பிறகு நான் சொன்னதையே நிதானமாக, இந்த ஊர் ஆங்கிலத்தில், நடுவே இரண்டு மலாய்ச் சொல் போட்டுச் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். முதல் நாளில் அவர்மேல் எனக்கு எவ்வளவு நன்றியாக இருந்தது தெரியுமா? கூட்டத்துக்குப் போகும் முன் காரில் உட்கார்ந்து, ஒவ்வொரு விஷயத்தையும் தமிழில் அவருக்கு விளக்குவேன். அவர் நல்ல மாணவர். ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வார்.

3

கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்று எங்கள் முதல் வாடிக்கையாளர். அவர்கள் ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்க, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மின்கம்பியை கிரி பிடுங்கினார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. எல்லாம் அங்கேயே இருந்தது. கை தட்டினார்கள். கிரி குனிந்து வணங்கினார். நான் சுவரோரம் நின்று, பெட்டி விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று பொறாமை இல்லை. வேலை செய்ததே என்ற நிம்மதிதான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெரிய அலுவலகத்துக்கு மாறினோம். நிறுவனத்தின் இணையதளத்தில் முதன்முறையாகத் 'தலைமைக் குழு' என்று ஒரு பக்கம் வந்தது. கிரிதரன், தொழில்நுட்பத் தலைவர். எங்கள் சேமிப்பு அமைப்பைத் தனி ஒருவராக வடிவமைத்து உருவாக்கியவர். கோட்டு போட்ட படம்.

அவர் மேசைக்குப் போனேன். "அண்ணே, இது என்ன?"

"அது சும்மா வெப்சைட்டுக்கு லா" என்றார். "வாங்கறவங்களுக்கு ஒரு முகம் வேணும். உள்ளுக்குள்ள எல்லாருக்கும் தெரியுமே, யாரு செஞ்சதுன்னு."

ஆரம்பத்திலிருந்து உள்ளே இருந்த நாலு பேருக்கும் தெரியும் என்பது உண்மைதான். நானும் விட்டுவிட்டேன். அப்போது நான் கர்ப்பமாக வேறு இருந்தேன். குமட்டலோடு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது.

என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய சமயம் வந்தபோது, கையெழுத்துப் போட வேண்டியவர் தொழில்நுட்பத் தலைவர். தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் போஸ்ட் இனி வேணாம்னு டான் சொல்றாரு சிஸ்டர். நான் என்னா செய்ய முடியும்?" என்றார். அதுவரை நான் தில்லை. அன்றுதான் சிஸ்டர் ஆனேன். டானிடம் போனேன். கிரிதான் வேண்டாம் என்றார், தொழில்நுட்ப விஷயத்தில் நான் தலையிடுவதில்லை என்றார் டான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏன் என்று நெடுநாள் யோசித்தேன். விடை சாதாரணமானது. நான் அந்த அலுவலகத்தில் இருக்கும்வரை அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது பொய் என்று தெரிந்த ஓர் ஆள் தினமும் அவர் கண்முன்னே நடமாடிக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான்.

நிறைமாத வயிற்றோடு விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். செல்வம் சுற்றுலா விசாவில் ஓடிவந்தார். யாழினி கிள்ளானில் பிறந்தாள். அவளுக்குத் தொப்புள்கொடி விழுவதற்குள் எனக்குத் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும், அவளுக்குப் பிறப்புச் சான்று வாங்க வேண்டும், பிறகு இந்தியக் கடவுச்சீட்டு வாங்க வேண்டும். குழந்தையின் படத்தில் கண் திறந்திருக்க வேண்டும் என்று தூதரகத்தில் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த குழந்தை தூங்காமல் வேறென்ன செய்யும்? ஸ்டூடியோக்காரரும் செல்வமும் ஆளுக்கொரு பக்கம் நின்று கைதட்டினார்கள். தையல் இன்னும் ஆறாமல் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். குடிநுழைவு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி, உன்னைக் கூட்டிவந்த நிறுவனத்திலிருந்து ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டார். கிரிக்கு எத்தனையோ முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

சுமதி அக்கா மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பூண்டுக் குழம்பும் சோறும் சுறாப்புட்டும் அடுக்கில் கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தையை மடியில் வைத்திருந்தார். புருஷன் எப்படியோ, இவர் வேறு என்று நினைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

4

உறையூரில் மாமனார் வீட்டு மாடியில் இருந்தோம். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி. "மலேசியா வேலைய நீயா விட்டியா, அவங்களா நிறுத்திட்டாங்களா?" இரண்டில் எதைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

யாழினி நடக்க ஆரம்பித்ததும் சென்னையில் வேலை தேடினேன். ஒரு நேர்முகத்தில் என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் கேள்வி கேட்டான். நான் செய்ததைச் சொல்லச் சொல்ல அவன் மடிக்கணினியில் எதையோ தேடினான். பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். "மேடம், இதை கிரிதரன்னு ஒருத்தர் செஞ்சதா போட்டிருக்கே. நீங்க டெஸ்டிங் டீம்ல இருந்தீங்களா?"

கோட்டுப் படம் மாறியிருந்தது. வேறு கோட்டு. குறிப்பும் நீண்டிருந்தது. துறைமுக லாரி ஓட்டுநரின் மகன். பண்டமாரானில் பிறந்து, படித்து, தன் உழைப்பால் உயர்ந்தவர். தனி ஒருவராக.

நான் என்ன சொல்ல முடியும்? ஆமாம் தம்பி, அவர் பொய் சொல்கிறார் என்றா? அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததும் கிடைக்கவில்லை. தலைமைக் குழுவின் பின்னணி என்று ஒரு நிறுவனம் போடுகிற நாலு வரி, இன்னொரு ஊரில் இன்னொருத்தியின் பின்னணியை அழித்துவிடும் என்று அந்த மேசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

கோபம் ஆறிவிடும் என்று செல்வம் சொல்வார். எனக்கு ஆறவில்லை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். புதிதாக என்ன விருது, எந்த மேடை என்று படிப்பேன். மனப்பாடமே ஆகிவிட்டது. அந்த ஆளுக்கு ஒருநாள் என் கையால் ஏதாவது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதுண்டு. சமயபுரத்தில் நின்றுகூட.

கடைசியில் ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தின் சென்னைக் கிளையில், என் தகுதிக்குக் கீழான ஓர் இடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்து ஏறி, சில வருஷம் முன்பு கோலாலம்பூர் அலுவலகத்துக்கு மாற்றலாகித் திரும்பி வந்தேன். செல்வத்துக்கும் இங்கே ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை கிடைத்தது. வீடு மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸில்தான். காலையில் மாலைக்கடைகளைத் தாண்டி மோனோரயிலுக்கு நடக்கிறேன். யாழினி தோழிகளோடு மலாயும் ஆங்கிலமும் பேசுகிறாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வயிற்றுவலி வருகிறது. "அம்மா, யூ டாக் லைக் இந்தியா பீப்பிள்" என்று தோழிகள் முன்னால் என்னைக் கேலி செய்கிறாள். பிறந்த மண் அவளுக்கு இதுதான், நான்தான் வந்தேறி. அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனாலும் சுருக்கென்கிறது.

5

எங்கள் சிங்கப்பூர் நிறுவனம், டானின் நிறுவனத்தை விலைக்கு வாங்கப்போகிறது என்று போன வருஷம் அறிவித்தார்கள். இரண்டையும் இணைக்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். அங்கே முன்பு வேலை பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். நல்லதாயிற்று, ஆட்களைத் தெரியும் என்றார் என் மேலாளர். மிச்சத்தை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

இப்படி வாங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. விற்கிற நிறுவனம் தன் தலைமைக் குழுவைப் பற்றி வெளியே என்னென்ன சொல்லியிருக்கிறதோ, அதை ஒவ்வொரு தலைவரிடமும் வாசித்துக்காட்டி, உண்மைதானா என்று கேட்டுப் பதிவு செய்வார்கள். சிங்கப்பூரிலிருந்து எலெய்ன் என்ற வழக்கறிஞர் வந்தார். வாசிப்பது என் வேலை, பதிவது அவர் வேலை.

டான் முதலில் வந்தார். அவர் குறிப்பில் ஆஸ்திரேலியப் பட்டம் என்று இருந்தது. சிரித்துக்கொண்டே, முடிக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டேன், மாற்றிவிடுங்கள் என்றார். எலெய்ன் மாற்றினார். அவ்வளவு எளிதாக முடிந்த விஷயம் அது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிரியும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

அவர் கடைசியாக வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அதிர்ச்சி எதையும் காட்டவில்லை. "ஹலோ சிஸ்டர், லாங் டைம். புள்ள பெருசாயிருப்பா இல்ல?" என்றார்.

"வளர்ந்துவிட்டாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். பண்டமாரானில் பிறந்தவர். உண்மை. தந்தை லாரி ஓட்டுநர். உண்மை. படிப்பு. உண்மை. ஒவ்வொன்றுக்கும் எலெய்ன் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த வரி எனக்குக் காகிதத்தைப் பார்க்காமலே வரும். நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: எங்கள் சேமிப்பு அமைப்பைத் தனி ஒருவராக வடிவமைத்து உருவாக்கியவர்.

"இந்தக் கூற்று உண்மையா?"

அவர் புன்னகை செய்தார். நாற்காலியை என் பக்கம் கொஞ்சம் திருப்பி, குரலைத் தாழ்த்தித் தமிழில் பேசினார். "சிஸ்டர், இது வெறும் வெப்சைட் எழுத்து. உங்களுக்குத் தெரியாததா? பழசெல்லாம் கிளற வேணாம் லா. இந்த ரூம்ல தமிழாளுங்க நாம ரெண்டு பேர்தான்."

எலெய்னின் விரல்கள் நின்றன.

"பதிவுக்காகக் கேட்கிறேன்" என்றேன் ஆங்கிலத்தில். "இப்போது சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா?"

அவர் புன்னகை குறைந்தது. மறுபடி தமிழில்தான் பேசினார். "புள்ள பிறந்தப்ப சுமதி உங்களுக்கு எவ்ளோ செஞ்சா. அத நெனச்சாவது..."

"ஆங்கிலத்தில், ப்ளீஸ்."

நான் காரில் உட்கார்ந்து தமிழில் சொன்னதையெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்ன மனிதர் அவர். தன்னுடைய இரண்டு வாக்கியங்களை மாற்றிச் சொல்ல அவரால் முடியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதை நான் அவசரமில்லாமல் பார்த்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று எலெய்ன் என்னிடம் கேட்டார்.

"வாட் ஹி மீன்ஸ் இஸ்" என்று தொடங்கினேன். கிரியின் முகம் மாறியது. அந்தத் தொடர் அவருக்கும் நினைவிருந்தது. "அவர் சொல்ல வருவது என்னவென்றால், இந்தக் கூற்று உண்மை இல்லை."

"நீங்கள் சொல்ல வருவது அதுதானா?" என்று எலெய்ன் அவரைக் கேட்டார்.

"தனி ஒருவராக இல்லை" என்றார் கிரி.

"வேறு யார் செய்தது?"

அவர் விரலை நீட்டவில்லை. தலையை மட்டும் என் பக்கம் அசைத்தார். "அவர்."

எலெய்ன் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நான் அழுதேன் என்றோ, வெறுமையாக இருந்தது என்றோ எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. கீழே மரத்தடிக் கடையில் தேங்காய்ப்பால் ஐஸ் போட்ட செண்டோல் பெரிய கிண்ணம் வாங்கி, கருப்பட்டிப் பாகு கிண்ணத்தில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

6

எலெய்ன் என்னைச் சும்மா விடவில்லை. உனக்கும் அவருக்கும் தகராறு இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்தது தவறு என்றார். என்னை இணைப்புக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கையும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். பிறகு அவர்களாகவே டானை விசாரித்தார்கள், துறைமுகத்துப் பழைய வாடிக்கையாளரை விசாரித்தார்கள். தனக்கு முதலிலிருந்தே தெரியும் என்று டான் சொன்னாராம். அவர் இன்னும் தலைமைக் குழுவில் இருக்கிறார். கிரி தானாக விலகியதாக அறிவிப்பு வந்தது.

ஒரு மாலை சுமதி அக்கா என் வீட்டுக்கு வந்தார். கீழே காவலாளி கூப்பிட்டு, கிள்ளானிலிருந்து ஓர் ஆன்டி என்றபோதே புரிந்துவிட்டது. உட்கார்ந்ததும், "நான் அவருக்காகப் பேச வரல மா" என்றார். தேநீர் போட்டேன்.

"பேப்பர்ல அவர் படம் வந்தப்ப கோயில்ல கூப்பிட்டு மாலை போட்டாங்க. நான் பக்கத்துல நின்னேன். எனக்குத் தெரியும், நீங்க செஞ்சதுன்னு."

"தெரிஞ்சுமா அக்கா பேசாம இருந்தீங்க?"

"என்னா பேசறது? எங்க மாமனார் லோரி ஓட்டி ஓட்டி முதுகு போய் செத்தாரு. இவரு ஒருத்தருதான் எங்க பக்கம் மேல வந்தாரு. பொண்டாட்டி நான் போய் இல்லன்னு சொல்லவா?"

"அதுக்காக வெளிய தள்ளினது யாரைன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார். "அதான் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டாந்தேன்."

அந்தப் பூண்டுக் குழம்பைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! மலேசியா என்றாலே எரிச்சலாக வந்த வருஷங்களிலும், ஒரு நல்ல மனுஷி இருந்தார் என்று அதை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதையும் அன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பையன் அப்பாகூடப் பேசறதில்ல" என்றார் அக்கா. "அவன் கூட்டாளிங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சி. இவரு நாள் முழுக்க வீட்லயே உக்காந்திருக்காரு. கோயிலுக்கும் போறதில்ல. உங்கள ஒண்ணு மட்டும் கேக்கணும். அவரு மேல ஒரு தடவையாவது பாவம்னு தோணிச்சா?"

யோசித்துப் பார்த்தேன். அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லக்கா."

"சரி" என்றார். தேநீரை முழுக்கக் குடித்து, கோப்பையை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை.

7

வாழையிலைக் கடைப் பெரியவர் சொன்னதில் பாதியை என்னால் மறுக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே தமிழ் முகம் கிரியுடையதுதான். அவர் இடத்துக்குப் பினாங்கிலிருந்து ஒரு சீனரைப் போட்டிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இங்கே எத்தனை கதவு திறக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரைப் பார்த்து, நாமும் போகலாம் என்று நினைத்த பையன்கள் பண்டமாரானில் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நான் செய்தது நல்லது என்று எழுத மாட்டேன்.

ஆனால் நம்ம ஆளு, நம்ம ஆளு என்கிறாரே, நான் யார்? வயிற்றுப் பிள்ளையோடு விமான நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தபோது நான் யாருடைய ஆள்? யாழினி இதையேதான் வேறு மாதிரி கேட்டாள். "அந்த அங்கிள் ஒன்னத் திட்டினப்ப நீ ஏன் எக்ஸ்ப்ளைன் பண்ணல மா?" அவர் கேட்கவில்லையே என்றேன். கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் என் கையைப் பிடித்து நடப்பதை அவள் விட்டு ரொம்ப நாளாகிறது.

தலைமைக் குழு பக்கத்தைப் புதுப்பிக்கும்போது டான் எனக்குத் தொலைபேசினார். உன் பெயரை ஒரு வரியில் போட விரும்புகிறோம், நீயே எழுதிக் கொடு என்றார். பெருந்தன்மையான குரல். நான் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் எழுதி அனுப்பினேன். சட்டப் பிரிவு கடைசி இரண்டு வாக்கியங்களையும் முழுக்க வெட்டிவிட்டது. முதலாவதிலும் பாதி போயிற்று. இப்போது அந்தப் பக்கத்தின் அடியில், முகங்களுக்கெல்லாம் கீழே, பொடி எழுத்தில், 'ஆரம்பக் கட்ட வடிவமைப்பில் பங்களிப்பு' என்று போட்டு என் பெயர் இருக்கிறது. பங்களிப்பாம். வெட்டியதை வேறெங்கும் வெளியிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். வெளியிட்டால் என்ன ஆகும் என்று செல்வம் பயப்படுகிறார். அவர்கள் தமிழ் படிப்பதில்லை. கிரி படிப்பார், அவர் பையனுக்கும் படிக்கத் தெரியும், கிள்ளானில் அந்தக் கோயில் கமிட்டியில் எல்லோரும் படிப்பார்கள். நான் எழுதி அனுப்பியது, தமிழில், இதுதான்:

எங்கள் முதல் சேமிப்பு அமைப்பை வடிவமைத்துக் கட்டியவர் திருச்சி உறையூர் தில்லைநாயகி. அவர் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, வேலை அனுமதியைப் புதுப்பிக்காமல் அவரை நாட்டைவிட்டு அனுப்பி, அவர் செய்ததைக் கிரிதரன் தன் பெயரில் போட்டுக்கொண்டார். தெரிந்தே நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம்.